பெயர் சொல்ல விரும்பாத விவசாயி

அக்கா போன் செய்தபோது நான் தேனியில் ஒரு கடையில் உட்கார்ந்து இட்லிக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தேன். ஐப்பசி பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. எதிர்ச் சுவரில் எங்கள் பத்திரிகையின் அன்றைய போஸ்டர்: ‘கம்பம் பள்ளத்தாக்கில் கொட்டப்போகுது கனமழை’. ஊரில் அன்று ஈரமாக இருந்தது அந்தப் போஸ்டரின் பசை ஒன்றுதான்.

“ஏலே, மழை வருமா வராதா?” என்றாள் அக்கா. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

“எங்கனக்கா?”

“எங்கனயா? என் தோட்டத்துலதான். வேற எங்கன பெய்ஞ்சா எனக்கென்ன?”

அக்கா பாண்டியம்மாளுக்குச் சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சைத் தோட்டம். மச்சான் கம்பத்திலிருந்து கேரள எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறார். தோட்டம் முழுக்க அக்காவின் பாடு. அப்போது பந்தல் நிறையப் பழம் தொங்கியது, ஆனால் பழுத்து முடியவில்லை. கொத்தின் மேல்பக்கம் கருத்திருந்தது, வால்பக்கம் இன்னும் சிவப்பு. பத்து நாள் பொறுத்தால் முழுக்கக் கருத்து இனிப்பு ஏறும். அந்தப் பத்து நாளுக்குள் ஒரு நல்ல மழை பெய்தால் பழம் தண்ணீர் குடித்து வெடிக்கும். வெடித்த பழத்தை வாங்க ஆள் கிடையாது. நான்கு மாத வேலைக்கு என்ன கிடைக்கும் என்பது அந்தப் பத்து நாளில் இருந்தது.

அன்று காலை வியாபாரி தங்கராசு, கத்தரியும் டிரேயும் ஆட்களுமாகத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். இன்றைக்கே வெட்டவேண்டும், அதுவும் பேசிய விலையில் பாதிக்கு என்று நிற்கிறார். ஆதாரம், நான் எழுதிய செய்தி.

“உன் பேப்பர்ல ஒரு விவசாயி சொல்லியிருக்கான் பாரு, ‘காத்திருந்தா மொத்தமும் போயிரும், இப்பவே வெட்டுறதுதான் ஒரே வழி’ன்னு. ஆபீசருக சொன்னா நான் கேக்க மாட்டேன். இவன் தோட்டம் வச்சிருக்கவன். யாருலே அவன்? நம்பரைக் குடு, நானே பேசிக்கிறேன்.”

சட்னி வந்தது. நான் எழுந்துவிட்டேன்.

“வெட்டவிடாதக்கா. நேர்ல வர்றேன்.”

“வந்து? மழையை மறிச்சுப் பிடிக்கப்போறியா?” என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

ஒரு வாசகர் கேள்வி

சென்ற வாரம் இதே பகுதியில் நான் எழுதிய, தேர்தல் கூட்டங்களில் தலை எண்ணிய கதையைப் படித்துவிட்டு, போடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ‘எல்லாரையும் கிண்டல் செய்கிறீர்களே, நீங்கள் பொய்யே எழுதியதில்லையா?’ நியாயமான கேள்வி. சுருளிப்பட்டிக்குப் போய்ச் சேர எனக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பதில் சொல்லிவிடலாம்.

முதலில் ஒன்று. வானிலை அறிக்கை பொய் சொல்லாது. இவ்வளவு கவனமாக எழுதப்படும் உரைநடை தமிழில் வேறு கிடையாது. ‘ஓரிரு இடங்களில்’, ‘லேசானது முதல் மிதமானது வரை’, ‘வாய்ப்புள்ளது’. அந்த ஓரிரு இடங்கள் எவை என்று அது சொல்லாது. பெய்து முடித்த பிறகு, பெய்த இடம்தான் ஓரிரு இடம்.

ஐப்பசி பிறந்தால் அந்த அறிக்கை கடலைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். வங்கக் கடலில் சுழற்சி, வலுப்பெறும், நகரும். கடலோர மாவட்டங்கள் ஒவ்வொன்றாகப் பெயரோடு வரும். கடைசியில் ‘அதையொட்டிய உள் மாவட்டங்கள்’ என்று ஒரு வால். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரெல்லாம் போட்ட பிறகு ‘மற்றும் உற்றார் உறவினர்’ என்று போடுவார்களே, அந்த இடம்தான் எங்களுக்கு.

எங்கள் பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் மலை. பலருக்குக் கடல் என்பது ராமேசுவரம் போனபோது கால் நனைத்தது. சென்னையில் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று மைக்கில் கத்துவதை, கம்பம் டீக்கடையில் நாங்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பார்ப்போம். கிழக்கிலிருந்து புறப்படும் மழை, பாசஞ்சர் ரயில் மாதிரி வழியெல்லாம் இறக்கிவிட்டு, எங்களிடம் வரும்போது பெரும்பாலும் காலிப் பெட்டியாக இருக்கும். சில வருடம் அப்படியில்லை. யாரும் சொல்லாமல் மலையிலிருந்து இறங்கி, அரை மணி நேரத்தில் ஓடையை ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டுப் போகும்.

இரண்டுக்கும் எங்களிடம் ஒரே தலைப்புதான் இருந்தது. ‘தயார் நிலை’.

கண்மாயில் படகு

தயார் நிலை என்றதும் எனக்கு ஒரு ரப்பர் படகு நினைவுக்கு வரும். பல வருடங்களுக்கு முந்தைய சங்கதி. பருவமழை வருவதற்கு முன்னால் வெள்ள மீட்பு ஒத்திகை நடத்தவேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. படகு வந்தது. படம் எடுக்க நாங்களும் வந்தோம். கண்மாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை.

தேதியை மாற்ற முடியாது என்றார்கள். வேலிக்காத்தான் முள் குத்தாமலிருக்கத் தரையில் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் படகை வைத்து, நான்கு பேர் ஏறி உட்கார்ந்து காற்றில் துடுப்புப் போட்டார்கள். வெள்ளத்தில் சிக்கியவராக நடிக்கவேண்டிய ஊழியர், செருப்பை எங்கோ கழற்றிவிட்டு, கண்மாய் நடுவில் தலையில் துண்டோடு நின்றிருந்தார். “சீக்கிரம் காப்பாத்துங்க சார், கால் சுடுது” என்று உண்மையாகவே கத்தினார்.

நாங்கள் படத்தை இடுப்புக்கு மேல் மட்டும் வெட்டி வெளியிட்டோம். துடுப்பும் பல்வரிசையும் நன்றாக விழுந்திருந்தன.

இப்போது படகு தேவையில்லை. ஆளுக்கொரு போன் இருக்கிறது. எங்கள் பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் ஒருவர் வானிலை ஆர்வலராகி, தினமும் ‘மக்களே, கவனமா கேளுங்க’ என்று குரல்பதிவு அனுப்புகிறார். மழை பெய்தால் ‘நான் சொன்னேன்ல’ என்பார். பெய்யாவிட்டால் ‘விலகிப் போயிருச்சு மக்களே’ என்பார். எங்கே விலகியது என்று யாரும் கேட்பதில்லை. ஐப்பசி முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் விடுமுறைச் செய்திக்காக அவரை வணங்குகிறார்கள். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அவராவது தன் சொந்தக் குரலில் சொல்கிறார்.

அச்சம் தயாரான விதம்

அக்கா போன் செய்வதற்கு முந்தைய நாள் சாயங்காலம், மதுரை அலுவலகத்திலிருந்து உதவி ஆசிரியர் கூப்பிட்டார்.

“சார், தேனிப் பக்கத்துக்கு மழைச் செய்தி காணோமே?”

“மழையே இல்லைங்க.”

“மழை இல்லாட்டி என்ன சார், எச்சரிக்கை இருக்குல்ல?”

“அது கடலோரத்துக்கு.”

“‘அதையொட்டிய’ன்னு ஒரு வார்த்தை இருக்கே சார். நீங்க ஒட்டிக்கோங்க.”

ஒட்டிக்கொண்டேன். ஓர் அதிகாரியிடம் கேட்டேன். ‘எல்லாம் தயார்னு போட்டுக்கோங்க’ என்றார். எது தயார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ‘கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் அச்சம்’ என்று எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மறுபடி போன்.

“நல்லா வந்திருக்கு சார். ஒரு விவசாயி ரெண்டு வார்த்தை சொன்னா உயிர் வந்துரும்.”

அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மருந்து அடித்துக்கொண்டிருந்திருப்பாள். பக்கம் முடிக்கும் நேரம். ‘பெயர் சொல்ல விரும்பாத விவசாயி ஒருவர் கூறுகையில்’ என்று தொடங்கி நானே கூறிவிட்டேன். எனக்கு நிலம் கிடையாது. வீட்டு மாடியில் ஒரு தொட்டியில் கற்றாழை இருக்கிறது. அதற்கும் தண்ணீர் ஊற்றுவது மனைவி.

நான் அந்தச் செய்தியை எழுதியபோது பள்ளத்தாக்கில் அச்சப்பட்ட விவசாயி ஒருவர்கூட இல்லை. மறுநாள் காலையில் எல்லாரும் அச்சப்பட்டிருந்தார்கள். நான் எழுதிய எதுவும் இவ்வளவு சீக்கிரம் உண்மையானதில்லை.

பேருந்து ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே போனேன். சின்னமனூர் பக்கம் வாழைக்கு அவசர அவசரமாக முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உத்தமபாளையத்தில் கறுப்புக் கோட்டு வக்கீல் ஒருவர் அந்த வெயிலில் குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். எனக்கு முன் இருக்கையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு என் செய்தியை வாய்விட்டுப் படித்தார். ‘ஒரு விவசாயி கூறுகையில்’ என்ற இடத்தில் நிறுத்தி, “அனுபவஸ்தன் பேச்சு” என்றார்.

பந்தலுக்குள்

திராட்சைப் பந்தலுக்குள் குனிந்துதான் போகவேண்டும். நல்ல நிலைமையில் போகிறவனுக்கே அப்படி. நான் கொஞ்சம் கூடுதலாகவே குனிந்து போனேன்.

தங்கராசு கும்பிட்டார். “வாங்க சார், நல்ல நேரத்துல வந்தீக. நான் சொன்னா வியாபாரி புத்தின்னு நினைக்கிறாக. நீங்களே அக்காகிட்ட எடுத்துச் சொல்லுங்க.”

அவரது ஆட்கள் ஆறு பேர் கையில் கத்தரியோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தல் கல்தூணில் சாய்ந்து நின்றாள்.

“நம்பர் கொண்டாந்தியா?”

“நம்பர் இல்லக்கா.”

“பேரு?”

“பேரும் இல்ல.”

“ஊராவது இருக்கா? நான் பஸ் பிடிச்சுப் போய்க் கேட்டுக்கிறேன்.”

தங்கராசு குறுக்கே வந்தார். “பேரு சொல்ல விரும்பலன்னு போட்டிருக்காகள்ல அக்கா. பெரிய தோட்டக்காரரா இருப்பாரு. நமக்கெதுக்கு?”

“அப்படி ஒரு ஆளே கிடையாதுக்கா” என்றேன். “அது நான் எழுதினது.”

கத்தரிக்காரர்களில் ஒருவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. ஆனால் முதலில் கத்தியது அவள் அல்ல, தங்கராசு.

“சார், என்ன சார் சொல்றீக? அந்த ஆளை நம்பித்தான விடியக்காலையிலயே ரெண்டு தோட்டத்தை வெட்டி வண்டியேத்தி அனுப்பினேன்! பூராம் சிவப்புப் பழம் சார். கோட்டயத்துல எவன் வாங்குவான்? ‘எந்தா சேட்டா இது, புளியா’ன்னு மூஞ்சியில எறிவான் சார்!”

விலையைப் பாதியாக்க வந்தவரும் அச்சப்பட்டுத்தான் வந்திருக்கிறார். அச்சத்தை அவர் நம்பவும் செய்தார், விற்கவும் செய்தார். எங்கள் பத்திரிகையும் அதையே செய்தது என்பதால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

“ஏம்பா,” என்றாள் அக்கா அவரிடம், “அப்ப அந்த ரெண்டு தோட்டக்காரகளும் இதை வச்சுத்தான் குடுத்தாகளா?”

“ஆமாக்கா.”

“உள்ள எடுத்து வையி கத்தரியை. இங்கன யாரும் கொத்துல கை வைக்கக் கூடாது.”

ஆட்கள் எழுந்தார்கள். தங்கராசு போனில் வண்டி டிரைவரைத் திருப்பிக் கூப்பிட முயன்றபடியே பந்தலை விட்டு வெளியே போனார். அக்கா ஒரு கொத்தின் அடியிலிருந்து சிவப்புப் பழம் ஒன்றைப் பிய்த்து என் கையில் கொடுத்தாள். தின்றேன். பல் கூசியது.

“இப்பச் சொல்லுலே. உண்மையாச் சொல்லு. மழை வருமா வராதா?”

“வராதுக்கா” என்றேன்.

எப்படி அவ்வளவு சீக்கிரம் சொன்னேன் என்று பின்னால் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பொய்யை ஒப்புக்கொண்ட கையோடு அடுத்த முன்னறிவிப்பைக் கொடுத்துவிட்டேன். இதற்குத்தான் பத்திரிகைப் பயிற்சி என்று பெயர்.

பத்து நாள்

அந்த நாட்களில் நான் செய்த வேலை வானத்தைப் பார்ப்பது. போனில் நான்கு வானிலைச் செயலிகள் இறக்கினேன். நான்கும் ஒரே நேரத்தில் சுருளிப்பட்டிக்கு நான்கு வானம் காட்டின. கடலோரத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பாதி நாள் டிவியில் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் இல்லை. பள்ளத்தாக்கில் துணி காய்ந்தது.

மச்சான் தினமும் குமுளி மேட்டிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தார். ஜீப்பை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்வார். அக்கா அதை எனக்கு மறுஒலிபரப்பு செய்வாள். “மலைக்கு அங்கிட்டு இருட்டிக் கெடக்காம். இங்கிட்டு வெயிலாம். அவுக சொன்னாக.” நான் கேட்ட வானிலை அறிக்கைகளிலேயே இடத்தைக் குறிப்பிட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.

எட்டாம் நாள் காலை அறிக்கையில் ‘உள் மாவட்டங்களில் வறண்ட வானிலை நிலவும்’ என்று இருந்தது. அதைப் படம் பிடித்து, வட்டம் போட்டு, அக்காவுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு கட்டைவிரல் பொம்மையும். பழம் கருத்துக்கொண்டிருந்தது. தங்கராசும் மனம் ஆறி, நாளை மறுநாள் பழைய விலைக்கே வெட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மேகமலைப் பக்கமிருந்து ஒரு மேகம் இறங்கியது. பெரிய மேகம்கூட இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இருபது நிமிடம் பெய்தது. அக்கா தோட்டத்திலும், ஒட்டியிருந்த முருங்கைக் கொல்லையிலும் மட்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சொட்டு விழவில்லை. ஓரிரு இடங்கள் எவை என்று இத்தனை வருடத்தில் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நாலு வரி

மறுநாள் காலை போனேன். கீழ்வரிசைக் கொத்துகள் தப்பியிருந்தன. மேல்பக்கம் தொங்கியவற்றில் பழம் தோல் பிளந்து, சாறு வழிந்து, தேனீ மொய்த்தது. அக்கா சாக்கை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு கொத்திலிருந்தும் வெடித்த பழத்தைச் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வந்து நின்றதும் இன்னொரு கத்தரியை என் பக்கம் தள்ளினாள். ‘வராதுன்னு சொன்னியே’ என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

தங்கராசு வந்தார். நல்ல கொத்துகளை எடை போட்டு எடுத்துக்கொண்டார். “கூட்டிக் கழிச்சுப் பாருங்கக்கா, அன்னைக்கே நான் சொன்ன விலைக்குக் குடுத்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும்” என்றார்.

“அது புளிச்சது. இது இனிக்குது” என்றாள் அக்கா. “ரெண்டும் ஒண்ணாப்பா?”

பதினோரு மணிக்கு மதுரையிலிருந்து போன். “சார், அங்க நேத்து மழையாமே? ரெண்டு பத்தி குடுங்க. ஒரு விவசாயி சொல்றதும் வேணும்.”

போனை அக்காவிடம் கொடுத்தேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“எழுதிக்கங்கய்யா. பேரு பாண்டியம்மாள். வீட்டுக்காரர் பேரு ராசு, ஜீப் ஓட்டுறாக. ஊரு சுருளிப்பட்டி. அருவி ரோட்டுல வந்தா டிரான்ஸ்பார்மருக்கு மேக்கால என் தோட்டம். நேத்து நாலு மணிக்குப் பெய்ஞ்சது, இருபது நிமிசம். பாதிப் பழம் வெடிச்சிருச்சு, பாதி நல்லாருக்கு. பக்கத்துல யாருக்கும் சேதமில்ல. ஊரு பூராம் சேதம்னு போட்றாதீக. சந்தேகம்னா வந்து பாருங்க, நான் சாயங்காலம் வரைக்கும் இங்கனதான் இருப்பேன்.”

மறுமுனை என்ன சொன்னதோ, “பேரு போதும்னா எப்படிய்யா? தோட்டம் எங்கன இருக்குன்னு தெரியவேணாமா?” என்றாள்.

செய்தி வந்தது. எட்டாம் பக்கத்தில் நாலு வரி. ‘திடீர் மழையால் திராட்சைகள் சேதம். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் வேதனை.’ பாண்டியம்மாளும் இல்லை, டிரான்ஸ்பார்மரும் இல்லை. அதற்கு மேலே பெரிய எழுத்தில், வங்கக் கடலில் அடுத்த சுழற்சி.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் அக்கா போன் செய்தாள். கொடிகளுக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது, அடுத்த காய்ப்புக்குக் கவாத்து வெட்டவேண்டும். வெட்டின கொடி துளிர்க்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நோய் விழும். ஆட்கள் நாள் கேட்கிறார்கள்.

“ஏலே, கார்த்திகையில மழை எப்படி இருக்கும்?”

மேசையில் அன்றைய அறிக்கை இருந்தது. செயலிகள் நான்கும் போனில் இருந்தன.

“தெரியாதுக்கா” என்றேன்.

அக்கா சொன்னாள்.

“இதை அன்னைக்கே பேப்பர்ல போட்டிருக்கலாம்ல? ஒரு வரிதான. எடமும் மிச்சம்.”